கூண்டில்லாத கோர்ட்டு

ஸ்டேஷன்ல இறங்குனா சுப்ரீம் கோர்ட்டு எவ்வளவு தூரம் சார்? ஆட்டோக்காரன்கிட்ட கோர்ட்டுன்னு சொன்னாப் போதும்ல? அது எல்லாப் பாஷையிலயும் கோர்ட்டுதான். ஆனா டெல்லியில வேற கோர்ட்டுகளும் இருக்கும். அவன் பாட்டுக்குக் கொண்டு போயி ஏதாச்சும் சின்னக் கோர்ட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டான்னா? அதுக்குத்தான் கேக்குறேன். சின்னக் கோர்ட்டெல்லாம் நான் நிறையப் பாத்துட்டேன் சார்.

ஒதுங்கி உக்காராதீங்க, நான் கேஸ்ல மாட்டுன ஆளு இல்ல. என் தம்பி கேசு இது. வீரணன்னு பேரு. கொலைக் கேசு, ஆயுள் தண்டனை. ஒம்பது வருசமா உள்ள இருக்கான். திங்கக்கெழமை டெல்லியில வருது. எங்க வக்கீலு சொன்னாரு, "சோலைமலை, நீ எதுக்குப்பா அவ்வளவு தூரம் போற? அங்க ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். அந்த ஊரு வக்கீலு பாத்துக்கிடுவாரு"ன்னு. அவருக்கென்ன, கறுப்புக் கோட்டை மாட்டுனா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான். நான் போகாம எப்படி? நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அதை நான்தான சார் சொல்லணும்.

உங்களுக்குக் கோர்ட்டு விசயம் தெரியாது போல. ஆபீஸ்ல ஃபைல் பாக்குறவரு, உங்களுக்கு எதுக்கு அது. நான் சொல்றேன் கேளுங்க. எல்லாத்துக்கும் அடியில மாஜிஸ்ட்ரேட்டு கோர்ட்டு. அடிதடி, ஹெல்மெட்டு போடாதவன், சரக்குப் பாட்டில் கடத்துனவன், எல்லாம் அங்க நிப்பாய்ங்க. கொலைக் கேசு அங்க தங்காது. மாஜிஸ்ட்ரேட்டு ஆளை ஒரு பார்வை பாத்துட்டு, காயிதத்தைக் கட்டி மேல ஜில்லா கோர்ட்டுக்கு அனுப்பிருவாரு. அங்க செஷன்ஸ் ஜட்ஜு. சாட்சி, டாக்டரு, போலீசு எல்லாம் அங்கதான் வந்து பேசும். அதுக்கு மேல ஹைகோர்ட்டு. அங்க ரெண்டு ஜட்ஜு சேந்து உக்காருவாக. அதுக்கும் மேல டெல்லி. டெல்லிக்கு மேல ஆளே கிடையாது. அங்க சொன்னது சொன்னதுதான்.

ஒரு பட்டா மாத்தணும் சார். வி.ஏ.ஓ.கிட்டச் சொன்னா நடக்குமா? அவரு நாளைக்கு வாம்பாரு. தாசில்தாரும் பாக்கலாம்பாரு. கலெக்டர் முன்னாடி மனுவோட போயி நின்னாத்தான் கீழ இருக்குறவன் எல்லாம் பேனாவைத் திறப்பான். கோர்ட்டும் அப்படித்தான். முக்கியமான விசயத்தைக் கீழயே கொட்டிரக் கூடாது. நான் ஒம்பது வருசமா அதைத்தான் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்.

சொல்றேன். எப்படியும் திங்கக்கெழமை ஊருக்கே தெரியப் போகுது. உங்ககிட்ட ஒருக்காச் சொல்லிப் பாத்துக்கிட்டா எனக்கும் வாய் பழகுன மாதிரி இருக்கும்.

எனக்கு ஆட்டுக்கறிக் கடை சார். தேனிப் பக்கம், பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. எங்கப்பா காலத்துக் கடை. ஞாயித்துக்கெழமை விடியுமுன்ன ஆறு ஆடு உரிச்சுத் தொங்க விட்டுருவேன். தம்பி எனக்குப் பன்னெண்டு வயசு இளையவன். அம்மா போனதுக்கப்புறம் நான்தான் வளத்தேன். எனக்கு அவன்னா உசுரு. அவனுக்கும் நான் சொல்றதுதான் எல்லாம். நில்லுன்னா நிப்பான், உக்காருன்னா உக்காருவான். ஒரு தடவை கடையில கல்லுல எலும்பு வெட்டுறப்ப நான் கையை எடுடான்னு சொல்ல மறந்துட்டேன், அவன் எடுக்கல. விரல் நுனி போச்சு. அப்பக்கூட, "பரவாயில்லண்ணே"ன்னுதான் சொன்னான். அப்படிப்பட்ட புள்ள.

எங்க ஊரு முனியாண்டி கோயில்ல பங்குனியில கிடா வெட்டு. முதக் கிடா சாமிக் கிடா. அதை வெட்டுற உரிமை எங்க குடும்பத்துக்கு. ஒரே வெட்டுல தலை துண்டா விழணும். விழலைன்னா சாமி ஏத்துக்கிடலன்னு அர்த்தம், அந்த வருசம் ஊருக்கு ஆகாது. எங்கப்பா இருபத்தெட்டு வருசம் வெட்டுனாரு. நான் பதினாலு வருசம். ஒரு தடவை கூட ரெண்டாவது வெட்டு விழுந்தது கிடையாது.

அந்த வருசம் கிடா நல்ல கிடா. மஞ்சத் தண்ணி தெளிச்சதும் உடம்பைத் துலுக்குச்சு. துலுக்குனா சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு அர்த்தம். முன்னாடி ஒருத்தன் கயித்தை இழுத்துப் பிடிக்க, பின்னங்கால் ரெண்டையும் வீரணன் பிடிச்சிருந்தான். நான் ஓங்கி வெட்டுனேன். அந்த நேரம் பாத்து அவன் பிடியை விட்டுட்டான் சார். கொஞ்சம்தான், ஒரு விரக்கடை. கிடா நெளிஞ்சிருச்சு. அரிவாள் பாதிக் கழுத்துல இறங்கி நின்னு போச்சு. கிடா கத்துது. ரத்தம் பீச்சி என் மூஞ்சியெல்லாம். கொட்டுக்காரன் கொட்டை நிறுத்திட்டான்.

வீரணன் இன்னைக்கு வரைக்கும் பிடியை விடலைன்னுதான் சொல்லுவான். "நான் விடலண்ணே, உன் கை வழுக்கிருச்சு"ம்பான். என் கை வழுக்குமா? பதினாலு வருசமா வழுக்காத கை.

அப்ப ராசாங்கம்னு ஒருத்தன் கூட்டத்துல இருந்து வந்தான். ஊருக்குத் தெக்க செங்கல் சூளை வச்சிருந்தவன். வந்து என் கையில இருந்து அரிவாளைப் பிடுங்கி, ஒரே போடு. தலை போயி பலிபீடத்துக்கிட்ட விழுந்துச்சு. பொம்பளைக குலவை போட்டாளுக. அவன் அரிவாளை என்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டுச் சிரிச்சான் சார். வேற ஒண்ணும் சொல்லல. சிரிச்சான். நாலு நாள் கழிச்சு டீக்கடையில நான் போயி உக்காந்தா, "மாஸ்டர், ரெண்டு வெட்டுக்கு ஒரு டீ போடு"ங்கிறான். டீக்கடையே சிரிக்குது. கறி வாங்க வர்ற சின்னப் பயலுக எல்லாம் கடைக்கு முன்னாடி நின்னு கையை ரெண்டு தடவை ஓங்கிக் காட்டிட்டு ஓடுறாய்ங்க. ரெண்டு மாசம் இது. ரெண்டு மாசம் நான் ராத்திரிச் சோறு தின்னது கிடையாது.

வெட்டுனது நான்தான் சார்.

மெதுவாப் பேசுறேன், நீங்க சுத்திப் பாக்காதீங்க. எதுத்த பெர்த்து அம்மா தூங்குது.

வைகாசி மாசம், மத்தியானம். சூளையில வேலையாளுக சாப்பிடப் போயிருந்தாய்ங்க. பைக்கை வீரணன்தான் ஓட்டிட்டு வந்தான். அவனுக்குத் தெரியாது. செங்கல் கேக்கப் போறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். அரிவாள் என் முதுகுல, சட்டைக்குள்ள. ராசாங்கம் வேப்ப மரத்தடியில கட்டில்ல உக்காந்து தட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்தான். என்னையப் பாத்ததும், "வா சோலை"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் கிட்டப் போனேன். அவன் குனிஞ்சு தண்ணிச் சொம்பை எடுத்தான். அந்தக் கழுத்து எனக்கு நல்ல வாகா இருந்துச்சு.

ஒரே வெட்டு சார்.

அவன் தட்டு மேலயே விழுந்தான். சோறு சிவப்பாயிருச்சு. காலு மட்டும் கொஞ்ச நேரம் மண்ணை உதைச்சுச்சு, ஆடு உதைக்குமே அப்படி. அதுக்கப்புறம் எனக்குக் கை நிக்கல. முதுகுல, தோள்ல, எங்க விழுந்துச்சுன்னு தெரியாது, ஆறேழு வெட்டு. வீரணன் ஓடியாந்து பின்னால இருந்து என்னையக் கட்டிப் பிடிச்சான். "வேணாம்ணே, வேணாம்ணே"ன்னு அழுகுறான். அவன் சட்டையெல்லாம் ரத்தம். அன்னைக்கு நல்லாத்தான் பிடிச்சான். கோயில்ல அப்படிப் பிடிச்சிருந்தா ஒண்ணும் இல்ல.

திரும்புனா சூளை மறைவுல ஒருத்தன் நிக்கான். மொக்கையன்னு, மண்ணு குழைக்கிற ஆளு. எல்லாத்தையும் பாத்துட்டான். நான் அவன்கிட்டப் போனேன். அப்படியே மண்ணுல உக்காந்துட்டான். "நீ பாத்தது யாரைடா?"ன்னு கேட்டேன். "உங்களை இல்லண்ணே"ன்னான். "அப்ப யாரை?"ன்னு அவன் சுண்டு விரலைப் பிடிச்சுப் பின்னாடி மடக்குனேன். ஒடிஞ்சிருச்சு. நான் அவ்வளவு பலமா மடக்கல, ஒல்லி ஆளு அவன். "சின்னவரை"ன்னான். அதுல இருந்து அவனுக்குச் சின்னவருதான்.

அது துரோகம்னு நினைக்காதீங்க. நான் தம்பிக்கு அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். கரும்புக் காட்டுல உக்காத்தி வச்சுச் சொன்னேன். "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. உன் சட்டையிலயும் ரத்தம் இருக்கு. நீ போயி சரண்டர் ஆகிரு. கேசு மாஜிஸ்ட்ரேட்டு கோர்ட்டைத் தாண்டி ஜில்லா கோர்ட்டுக்குப் போகட்டும். அங்க பெரிய ஜட்ஜு வருவாரு. அவரு முன்னாடி நான் வந்து, அய்யா, இது நான் செஞ்சதுன்னு சொல்லி உன்னைய வெளிய எடுத்துருவேன். மிஞ்சிப் போனா ஆறு மாசம்." அவன் என்னையவே பாத்துட்டு இருந்தான். பெறவு, "சரிண்ணே"ன்னான்.

மறுநாள் வக்கீலோட வேற ஜில்லாவுக்குப் போயி, ஒரு மாஜிஸ்ட்ரேட்டு முன்னாடி சரண்டர் ஆனான். எங்க பக்கம் அப்படித்தான், உள்ளூர்ல ஆகுறதில்ல. உள்ளூர் போலீஸ் பிடிச்சா கால் ஒடிஞ்சிரும்னு ஒரு பயம். அப்படியும் கஸ்டடி எடுத்து மூணு நாள் வச்சிருந்தாய்ங்க. அரிவாளை நான் எந்தக் கெணத்துல போட்டேன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்திருந்தேன், அடிக்கும்போது காட்டணும்ல. ஆனா முதல் நாளே காட்டிராதடா, சந்தேகப்படுவாய்ங்கன்னு சொல்லியிருந்தேன். அவன் மூணாவது நாள்தான் காட்டுனான். ரெண்டு நாள் முழுசா அடி வாங்கியிருக்கான் சார், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. உள்ளங்காலு வீங்கிச் செருப்பு போட முடியல. அதைப் பாத்து நான் அழுதுட்டேன்.

ஜில்லா கோர்ட்டுல கேசு எடுக்க ரெண்டு வருசம் ஆச்சு. நான் வெள்ளை வேட்டி கட்டிட்டு, முதல் நாளே போயிட்டேன் சொல்லிரணும்னு. உள்ள போயிப் பாத்தா, ஜட்ஜு ஒரு பொம்பளப்புள்ள சார். என் மூத்த மகளை விட அஞ்சாறு வயசு கூட இருக்கும். சளி பிடிச்சு மூக்கைத் துடைச்சுக்கிட்டே இருக்கு. மேல ஃபேன் கரக் கரக்குன்னு ஓடுது. பெஞ்சுல ஒரு காலு இல்ல, செங்கல் அண்டக் குடுத்திருக்காய்ங்க. இந்தக் கோர்ட்டுலயா சொல்றதுன்னு எனக்கு மனசே வரல. இதுக்கு மேல இன்னும் ரெண்டு கோர்ட்டு இருக்கையில, இந்தப் புள்ளைகிட்டப் போயி என்னத்தைச் சொல்ல? மூத்தவளுக்கு அப்ப கல்யாணம் பேசியிருந்துச்சு, அதுவும் உண்மைதான், ஆனா அது காரணம் இல்ல.

மொக்கையன் கூண்டுல ஏறுனான். அரசாங்க வக்கீல், "யாரு வெட்டுனதுன்னு காட்டு"ன்னாரு. அவன் கையை நீட்டுனான். அந்த சுண்டு விரல் கோணலா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, மத்த விரல் எல்லாம் வீரணனைக் காட்டுது. "இவருதாங்க"ன்னான். வீரணன் அவனைப் பாக்கல. என்னையப் பாத்தான்.

மறு வாய்தாவுக்கு டாக்டரு வந்தாரு. பிரேதப் பரிசோதனை செஞ்சவரு. அவரு ரொம்பத் தெளிவாச் சொன்னாரு சார். "உடம்புல ஏழு காயம் இருந்துச்சு. ஆனா கழுத்துல விழுந்த முதல் வெட்டுலயே உசுரு போயிருச்சு, முதுகெலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. மத்ததெல்லாம் அதுக்குப் பெறவு விழுந்தது"ன்னாரு. அந்தப் பொம்பளப்புள்ள ஜட்ஜு எழுதுறதை நிறுத்திட்டு நிமிந்து கேட்டுச்சு, "ஒரே வெட்டா?" டாக்டரு, "ஆமாங்கம்மா, ஒரே வெட்டு. நல்லாப் பழக்கப்பட்ட கை"ன்னாரு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. கோர்ட்டுல, அத்தனை வக்கீலுக முன்னாடி, படிச்ச டாக்டரு சொல்றாரு. கால் தானா எந்திரிக்குது. அய்யா அந்தக் கை இதுதான்னு தூக்கிக் காட்டணும் போல இருந்துச்சு. வக்கீல்தான் என்னமோ வெளிய போறேன்னு நினைச்சு முறைச்சாரு, உக்காந்துட்டேன். ஆனா என்ன ஆச்சு தெரியுமா? எல்லாரும் திரும்பி வீரணனைப் பாக்குறாய்ங்க. அவனை. ஆடு கத்துனாலே மூஞ்சியைத் திருப்பிக்கிடுற பயலை.

கடைசியில ஜட்ஜு அவன்கிட்டக் கேட்டுச்சு, சாட்சியெல்லாம் இப்படிச் சொல்லுதே, நீ என்ன சொல்றன்னு. அவன் கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னையத் தேடுறான். நான் கடைசி பெஞ்சுல இருந்து கையை லேசாத் தாழ்த்திக் காட்டுனேன், பொறுடான்னு. அவன் ஜட்ஜைப் பாத்து, "ஒண்ணும் சொல்றதுக்கு இல்லங்கம்மா"ன்னான். ஆயுள் தண்டனைன்னு வாசிச்சப்பவும் என்னையத்தான் பாத்தான். நான் மறுபடியும் கையைக் காட்டுனேன்.

அன்னைக்கு வீட்டுல என் வீட்டுக்காரி, "இப்பவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லுங்க, அந்தப் புள்ள பாவம் நம்ம புள்ளைகளைச் சும்மா விடாது"ன்னா. கன்னத்துல ஒண்ணு வச்சேன். அந்தப் பக்கம் காது கேக்காமப் போச்சு. அது ஏற்கெனவே மந்தமான காதுதான். போலீஸ் ஸ்டேஷனாம். ஜில்லா கோர்ட்டே வேணாம்னு மேல பாத்துக்கிட்டு இருக்கேன், இவ என்னைய ஸ்டேஷனுக்கு இறங்கிப் போகச் சொல்றா.

ஹைகோர்ட்டுக்குப் போக இன்னும் மூணு வருசம். அந்தக் கட்டடத்தைப் பாத்ததும் எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு சார். ஏசி, கண்ணாடி மாதிரித் தரை, ரெண்டு ஜட்ஜு பக்கத்துல பக்கத்துல. இதுதான் இடம்னு முடிவு பண்ணி, சாமி கும்பிட்டு, புதுத் துண்டு போட்டுட்டுப் போனேன். டவாலி என் பேரைக் கூப்பிடுவாருன்னு வாசல்கிட்டயே நிக்கேன். கூப்பிடல. உள்ள எட்டிப் பாக்குறேன், கூண்டைக் காணோம். இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. சாட்சி ஏறிச் சொல்றதுக்குக் கூண்டே இல்லாத ஒரு கோர்ட்டு. புதுக் கட்டடம், ஆசாரி இன்னும் செஞ்சு முடிக்கல போலன்னு நினைச்சுக்கிட்டேன். எங்க வக்கீலு நாப்பது நிமிசம் பேசுனாரு. அரசாங்க வக்கீலு இருபது நிமிசம். ஜட்ஜய்யா தடிமனா ஒரு புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தாரு. அதுல மொக்கையன் சொன்னது, டாக்டரு சொன்னது எல்லாம் டைப் அடிச்சு இருக்காம்.

வெளிய வந்து வக்கீல்கிட்ட, "என்னைய எப்பக் கூப்பிடுவாக?"ன்னு கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "இங்க யாரையும் கூப்பிட மாட்டாங்கப்பா. சாட்சி எல்லாம் கீழ் கோர்ட்டோட முடிஞ்சது. இங்க கீழ எழுதினதைப் படிச்சுச் சரியா தப்பான்னு பாப்பாங்க, அவ்வளவுதான்"ன்னாரு. சிரிச்சாரு பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது. கோட்டுக் காலரைப் பிடிச்சுச் சுவத்துல சாத்திட்டேன். மூக்குக் கண்ணாடி விழுந்து ஒடஞ்சிருச்சு. பெறவு ரெண்டு கிலோ நெஞ்செலும்பு குடுத்துவிட்டு சமாதானம் பேசுனேன். அவரு சொன்னது நிசமா இருக்காது சார். ஒரு விரலை மடக்குனதுக்கு மொக்கையன் சொன்ன பொய்யி ஏசி கோர்ட்டு வரைக்கும் போயி உக்காந்திருக்கு. நான் சொல்ற உண்மைக்கு மட்டும் அங்க இடம் இல்லையா? அப்படி எவனாவது சட்டம் எழுதுவானா?

அங்கயும் தண்டனை சரின்னுட்டாக.

போன மாசம் ஜெயில்ல மனு போட்டு அவனைப் பாத்தேன். ஆளு பாதியாயிட்டான். வயித்துல தையல். உள்ள ஒரு ரவுடி, "ஒரே வெட்டுக்காரன்னா நீதானா, எங்க இப்ப வெட்டு பாப்போம்"னு வம்பு இழுத்திருக்கான். இவன் பேசாம இருந்திருக்கான். அவன் கரண்டிக் காம்பைத் தரையில தேச்சு வச்சிருந்து வயித்துல ஏத்திட்டான். குடலு ரெண்டு எடத்துல கிழிஞ்சு, பத்தொம்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்திருக்கான். இன்னொரு தடவை இப்படி ஆனா பிழைக்க மாட்டான்னு டாக்டரு சொன்னாராம்.

பாருங்க சார், ஜெயிலுக்குள்ளயும் அவனுக்குத்தான் பேரு. ஊருலயும் அப்படித்தான். கறி வாங்க வர்றவய்ங்க என்கிட்டயே சொல்றாய்ங்க, "உன் தம்பி கைதான்யா கை, ஒரே வெட்டு. நீ ரெண்டு வெட்டு வெட்டுன மானத்தை அவன் காப்பாத்திட்டான்"னு. நான் அந்தக் கறியை வெட்டிப் பொட்டலம் கட்டிக் குடுக்குறேன். என் கையால. ஒம்பது வருசமா இதைக் கேட்டுக்கிட்டு ஒருத்தன் உசுரோட இருக்குறதுன்னா சும்மாவா? அவனாச்சும் உள்ள இருக்கான், அவன் காதுல இதெல்லாம் விழாது.

அன்னைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வீரணன், "அண்ணே, நான் ஒண்ணு கேக்கட்டா? நீ மேல இருக்குற கோர்ட்டு எதுலயும் சொல்ல வேணாம். வெளிய கேட்டுல ஒரு போலீஸ்காரரு நிக்காரு. போறப்ப அவருகிட்டச் சொல்லிட்டுப் போயேன்"னான். மெதுவாத்தான் சொன்னான். அவன் வாழ்க்கையில என்கிட்ட ஒண்ணு கேட்டது அதான் முதல் தடவை. "டெல்லியில சொல்றேன்டா, டெல்லியே அசந்து போகும்டா"ன்னேன். அவன் சட்டையை இழுத்து அந்தத் தையலை மூடிக்கிட்டு உள்ள போயிட்டான்.

திங்கக்கெழமை பாருங்க. டெல்லியில கண்டிப்பாக் கூண்டு இருக்கும், தேக்குல செஞ்சு வச்சிருப்பாய்ங்க. ஏறி நின்னு, அய்யா, டாக்டரு அன்னைக்குச் சொன்ன பழக்கப்பட்ட கை இதுதான், என் தம்பிக்கு ஆடு கூட உரிக்கத் தெரியாது, அவனை விட்டுருங்கன்னு சொல்லுவேன். அதைப் பெரிய எழுத்துல எழுதுவாக. பேப்பர்ல எல்லாம் வரும். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கே குடுத்தாலும் சரி.

என்ன சார், நீங்களும் வக்கீல் மாதிரியே பேசுறீங்க? அங்க யாரையும் விசாரிக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நீங்க ஃபைல் பாக்குற ஆளு. எழுதிக் குடுக்கவா? எழுதி அஞ்சல்ல போடுறதுக்கு இது என்ன நல விசாரிப்பா?

விழுப்புரம் வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா?

ஏன், எங்க எந்திரிக்கிறீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம்ல இருக்கு. ஓ, அவரைப் பாத்துட்டீங்களா. ரயில்வே போலீசு. சும்மா பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்குவாரு. உக்காருங்க. உக்காருங்க சார், சொல்றேன்ல.

அவரு கான்ஸ்டபிளு. சட்டையில ஒரு பட்டி கூடக் கிடையாது. அவருகிட்டயா சொல்றது? அவரு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி, அதை ஏட்டு பாத்து, எஸ்.ஐ. பாத்து, மறுபடியும் மாஜிஸ்ட்ரேட்டு, மறுபடியும் ஜில்லா கோர்ட்டு, மறுபடியும் அந்த சளி பிடிச்ச புள்ள. அடியில இருந்தா ஆரம்பிக்கச் சொல்றீங்க? ஒம்பது வருசம் படி ஏறி வந்துருக்கேன் சார். உச்சிக்கு ஒரு படிதான் பாக்கி.

வீரணனா? அவன் இருப்பான். நான் இருன்னு சொன்னா இருப்பான்.

மணிக்கட்டு வலிக்குதா? சின்ன எலும்பு சார், அசையாம இருந்தீங்கன்னா ஒண்ணும் ஆகாது. இந்தப் பக்கம்தான் வர்றாரு. என்னையப் பாத்துச் சிரிங்க, ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசுற மாதிரி இருக்கட்டும். ம், அப்படித்தான்.

வணக்கம் ஏட்டய்யா. டெல்லிக்குத்தான். இவரு எங்க ஊருக்காரரு.

போயிட்டாரு. பாத்தீங்களா, ஏட்டய்யான்னதும் எவ்வளவு சந்தோசமாப் போறாரு.

நீங்க இப்படி ஜன்னலோரம் வாங்க சார், காத்து வரும். நான் வழியில உக்காந்துக்கிடுறேன்.